ஆலோசனைக் குழுவின் நான்காம் பொருள்

அரசு ஒரு விஷயத்தில் எதுவும் செய்ய வேண்டாம் என்று நினைத்தால் சும்மா இருந்துவிடலாம். ஆனால் சும்மா இருப்பது அரசுக்கு அழகில்லை. அதனால் ஓர் ஆலோசனைக் குழு அமைக்கும். தஞ்சாவூர் கலெக்டர் ஆபீசில் எழுத்தராகச் சேர்ந்து சிரஸ்தாராக ஓய்வு பெற்றவன் நான். என் காலத்தில் பிறந்து, என் கையாலேயே பதிவறைக்கு அனுப்பப்பட்ட குழுக்கள் எத்தனை என்று எனக்கே நினைவில்லை. அவற்றில் ஒன்றைப் பற்றி மட்டும் எழுதத் தோன்றுகிறது. அது ஒரே ஒரு முறை, தன்னை அறியாமல், ஒரு காரியத்தைச் செய்துவிட்டது.

ஆட்சி மாறிச் சில ஆண்டுகள் ஆகியிருந்தன. கடிதங்களில் ‘ஸ்ரீ’ போய்த் ‘திரு’ வந்துவிட்டது. ஒன்றையும் சொல்லாமல் இரண்டு பக்கம் எழுதுவதை ஆங்கிலத்தில் பழகியிருந்த நாங்கள், அதையே தமிழில் செய்யக் கற்றுக்கொண்டிருந்தோம். மாவட்டத்தின் கிழக்கே, திருவாரூரைத் தாண்டினால், அறுவடைக்கு அறுவடை தகராறு. கூலி நெல்லைக் கூட்டிக் கேட்டு ஒரு பக்கம் செங்கொடி. வெளியூர் ஆட்களை லாரியில் கொண்டுவந்து அறுப்போம் என்று இன்னொரு பக்கம் மிராசுதார்கள். நடுவில் வரப்பின் மேல் வரிசையாகப் போலீஸ்காரர்கள், பூட்ஸைக் கழற்றலாமா கூடாதா என்ற யோசனையில்.

இந்தச் சமயத்தில்தான் சென்னையிலிருந்து அரசாணை வந்தது. மாவட்ட இளைஞர் மற்றும் குடும்ப நல ஆலோசனைக் குழு ஒன்று அமைக்கப்பட வேண்டும். இளைஞர்களின் ஆற்றலை நல்வழிப்படுத்துவது, குடும்ப வாழ்வை வலுப்படுத்துவது ஆகியவை குறித்து அது அரசுக்கு அவ்வப்போது ஆலோசனை கூறும். ‘அவ்வப்போது’ என்ற சொல்லைப் படித்ததும் எனக்கு நிம்மதியாக இருந்தது. யாரும் எதற்கும் காத்திருக்கவில்லை என்று அதற்குப் பொருள். குழுவின் ஆலோசனையை அரசு ஏற்க வேண்டும் என்று ஆணையில் எங்கும் இல்லை. பதில் எழுத வேண்டும் என்றுகூட இல்லை.

கலெக்டர் தலைவர். துணை கலெக்டர் ஒருவர் உறுப்பினர் செயலர். அவருடைய வேலையைச் செய்வது அப்போது உதவியாளராக இருந்த நான். மற்றபடி ஊர்ப் பெரிய மனிதர்கள் சிலர். அவர்களுள் முக்கியமானவர் கீழ்த் தாலுகாவின் ஒரு மிராசுதார். ஒரு காலத்தில் முப்பது வேலி நிலத்துக்குச் சொந்தக்காரர். உச்சவரம்புச் சட்டம் வந்த பிறகு அந்த முப்பது வேலியும் அப்படியேதான் இருந்தது. காகிதத்தில் மட்டும் அது மனைவி, மகன்கள், கல்யாணமாகாத இரண்டு பெண்கள் என்று ஆளுக்கொரு பாகமாகப் பிரிந்திருந்தது. அந்தக் காகிதங்கள் எல்லாம் என் மேசையைக் கடந்து போனவைதான். குறை சொல்ல முடியாதபடி சுத்தமாகத் தயாரிக்கப்பட்டவை.

ஓர் இடத்துக்கு மட்டும் ஆள் கிடைக்கவில்லை. விவசாயத் தொழிலாளர் குடும்பத்திலிருந்து, எழுதப் படிக்கத் தெரிந்த, இருபத்தைந்து வயதுக்கு உட்பட்ட பெண் ஒருவர் வேண்டும் என்று ஆணை சொன்னது. சென்னையில் உட்கார்ந்து எழுதியவர் எங்கள் மாவட்டத்தைப் பார்த்ததில்லை என்பது தெரிந்தது. மூன்று மாதம் தேடினோம். கடைசியில் மிராசுதாரே வழி சொன்னார். அவருடைய பண்ணையாள் ஒருவனின் மூத்த பெண் எஸ்.எஸ்.எல்.சி. வரை படித்திருக்கிறாள். “நம்ம பண்ணைப் பொண்ணுதான். வாயைத் தொறக்காது,” என்று உறுதி அளித்தார். அந்த உறுதியை நான் கோப்பில் எழுதவில்லை. பெயரை மட்டும் எழுதினேன்.

முதல் கூட்டத்துக்கு அவள் வந்தபோது நாற்காலியில் உட்காரவில்லை. மிராசுதாருக்கு எதிரே ஊரில் அவளுடைய ஆட்கள் யாரும் உட்கார்ந்ததில்லை. கலெக்டர் இரண்டு முறை சொல்ல வேண்டியிருந்தது. உட்கார்ந்த பிறகு, கொடுத்த காகிதங்களை எல்லாம் ஒவ்வொன்றாக எடுத்து வைத்துக்கொண்டாள். மற்ற உறுப்பினர்கள் அவற்றை விசிறிக்கொண்டிருந்தார்கள்.

எங்கள் குழு வேலை செய்த முறையை இங்கே சொல்ல வேண்டும். இல்லாவிட்டால் பிறகு நடந்தது புரியாது. கூட்டத்தில் நடந்ததை எழுதுவதுதான் நடவடிக்கைக் குறிப்பு என்று வெளியில் இருப்பவர்கள் நினைக்கிறார்கள். நாங்கள் குறிப்பை முதல் நாளே எழுதி, ஸ்டென்சில் வெட்டி, சைக்ளோஸ்டைல் இயந்திரத்தில் உருட்டி, பிரதிகளை டேக் கட்டித் தயாராக வைத்துவிடுவோம். உறுப்பினர்கள் உள்ளே வரும்போதே வருகைப் பதிவேட்டிலும் குறிப்பிலும் கையெழுத்து வாங்கிவிடுவோம். வடையும் காப்பியும் வந்த பிறகு யாரும் நிற்க மாட்டார்கள். ஆளுக்கொரு பஸ், ஆளுக்கொரு நாற்றங்கால். குறிப்பில் இருப்பது எப்போதும் ஒன்றுதான்: ‘குழு விரிவாக விவாதித்து, அடுத்த கூட்டத்துக்கு ஒத்திவைத்தது.’ விவாதம் நடக்கும், ஒத்திவைக்கப்படும். அதனால் முன்கூட்டியே எழுதுவதில் பொய் எதுவும் இல்லை.

இந்த நிலையில் அந்தப் பெண்ணின் தகப்பன் இறந்துபோனான். தாய் முன்பே இறந்துவிட்டவள். இவளும் இரண்டு தங்கைகளும் மிராசுதாரின் கொல்லையில், அவர்கள் தாத்தா காலத்திலிருந்து இருந்துவந்த குடிசையில் மிஞ்சினார்கள்.

அப்போது குடியிருப்பு மனைச் சட்டம் புதிது. மிராசுதாரின் நிலத்தில் குடிசை போட்டு இருக்கும் தொழிலாளர் குடும்பத்துக்கு அந்த மனைக்கட்டு சொந்தம் என்றது சட்டம். எந்தக் குடும்பம் எந்த மனையில் என்று ஊர்க் கணக்குப்பிள்ளை பட்டியல் எழுத வேண்டும். இவர்கள் வீட்டுக்கு நேரே அவர் எழுதியது எனக்கு இன்னும் மனப்பாடம். ‘குடித்தனக்காரர் காலமாகிவிட்டார். மணமாகாத பெண்கள் மூவர் மட்டும். குடும்பம் இல்லை.’

பெண்கள் கல்யாணமாகி வேறு வீட்டுக்குப் போய்விடுவார்கள், ஆகவே அவர்கள் ஒரு குடும்பம் ஆக மாட்டார்கள் என்பது வாதம். கணக்குப்பிள்ளையின் கையெழுத்துதான், ஆனால் யோசனை அவருடையதல்ல. மிராசுதாரின் காரியஸ்தர் அதே வாரம் அந்தப் பெண்களிடம், சம்பா அறுவடை முடிவதற்குள் காலி செய்துவிட வேண்டும் என்று சொல்லிவிட்டார். சொன்னதோடு நிற்காமல் குடிசை வாசலிலேயே ஒரு வைக்கோல் போரும் போட வைத்தார். வீட்டுக்குள் போக வேண்டுமானால் போருக்கும் சுவருக்கும் நடுவே பக்கவாட்டில் நுழைய வேண்டும்.

தாசில்தாருக்குக் குழப்பம். மணமாகாத மகளைக் குடும்பத் தலைவராகக் கருதலாமா என்று கலெக்டருக்கு எழுதிக் கேட்டார். கேள்வி என் மேசைக்கு வந்தது. பதில் சொன்னால் ஒரு பக்கம் மிராசுதார்கள், இன்னொரு பக்கம் சங்கத்துக்காரர்கள். இதற்கென்றே நம்மிடம் குடும்ப நலக் குழு ஒன்று இருக்கும்போது நாம் ஏன் பதில் சொல்ல வேண்டும் என்று குறிப்பெழுதினேன். துணை கலெக்டர் என்னை மிகவும் பாராட்டினார். அப்படித்தான் அது பொருள் நிரலில் நான்காம் பொருளாக ஏறியது. ஊர் பெயர், ஆள் பெயர் எதுவும் இல்லாமல், பொதுவான கொள்கைக் கேள்வியாக.

பொருள் பொதுவானதுதான். ஆனால் அறையில் இருந்த எல்லோருக்கும் அது எந்தக் குடிசை என்று தெரியும். மிராசுதார் அமைதியாக, நம் பண்பாட்டில் குடும்பம் என்றால் என்ன என்று விளக்கினார். பெண் பிறந்த வீட்டில் விருந்தாளி மாதிரி என்றார். மற்றவர்கள் தலையாட்டினார்கள். கலெக்டர் கடிகாரத்தைப் பார்த்தார். அப்போது அந்தப் பெண் எழுந்து நின்றாள். அதுவரை நடந்த கூட்டங்கள் எதிலும் அவள் பேசியதில்லை.

“ஐயா வூட்டுச் சின்னம்மாங்க ரெண்டு பேர் பேர்லயும் தனித்தனியா நெலம் இருக்குன்னு சொல்றாங்க. அவங்களுக்கும் இன்னும் கல்யாணம் ஆவலீங்களே.”

குரலில் எதிர்ப்பு எதுவும் இல்லை. உண்மையிலேயே விளக்கம் கேட்பவள் போல நின்றாள். கலெக்டர் மறுபடியும் கடிகாரத்தைப் பார்த்தார். குழு விரிவாக விவாதித்து, அடுத்த கூட்டத்துக்கு ஒத்திவைத்தது.

அடுத்த கூட்டம் மூன்று மாதம் கழித்து, சம்பா அறுவடைக்குச் சற்று முன்பு. இந்த முறை ஒத்திவைப்பு என்று எழுத எனக்குக் கை வரவில்லை என்று பெருமையாகச் சொல்லிக்கொள்ள ஆசைதான். அப்படி இல்லை. கலெக்டர் ஏதாவது முடிவு சொல்லிவிடுவாரோ என்று துணை கலெக்டருக்குப் பயம். எதற்கும் இரண்டு விதமாகவும் தயாராக வையுங்கள் என்றார். அதனால் குறிப்பின் இரண்டாம் பக்கத்துக்கு இரண்டு ஸ்டென்சில் வெட்டினோம். ஒன்றில் ஒத்திவைப்பு. இன்னொன்றில், ‘மணமாகாத மூத்த மகளைக் குடும்பத் தலைவராகக் கருதலாம் எனக் குழு ஒருமனதாகப் பரிந்துரைக்கிறது.’

கூட்டத்தன்று காலை கிழக்கே ஓர் ஊரில் அறுவடைக் களத்தில் மோதல் என்று செய்தி வந்தது. பதினொரு மணிக்கு இருந்த கூட்டத்தைப் பத்து மணிக்கு இழுத்தார்கள். நான் அவசர அவசரமாகப் பக்கங்களைச் சேர்த்து டேக் கட்டினேன். உறுப்பினர்கள் வந்தார்கள், கையெழுத்துப் போட்டார்கள். கலெக்டர் வந்து நின்றுகொண்டே முதல் இரண்டு பொருள்களை முடித்து, தாமும் ஒரு கையெழுத்துப் போட்டுவிட்டு ஜீப்பில் ஏறினார். மூன்றாம் பொருளுக்கு வடை வந்துவிட்டது. நான்காம் பொருளுக்கு யாரும் இல்லை. அந்தப் பெண் மட்டும் இருந்தாள். அவளும் வடையைக் காகிதத்தில் மடித்துத் தங்கைகளுக்கு எடுத்துக்கொண்டு பஸ்ஸுக்குப் போனாள்.

அன்று மாலைத் தபாலிலேயே பிரதிகள் போயின. ஒன்று அரசுக்கு. மற்றவை தாலுகா ஆபீஸ்களுக்கு, தகவலுக்காக.

ஆறாம் நாள் மிராசுதார் வந்தார். நேரே துணை கலெக்டரின் அறைக்குள் போனார். ஐந்து நிமிடத்தில் எனக்கு அழைப்பு. மேசை மேல் ஒரு பிரதி கிடந்தது. இரண்டாம் பக்கத்தைத் தலைகீழாகப் பார்த்தே எனக்குத் தெரிந்துவிட்டது. நான் தவறான பக்கத்தைக் கட்டியிருந்தேன். ஒரு பிரதியில் அல்ல, எல்லாவற்றிலும்.

இருபது ஆண்டு அனுபவத்தில் எனக்கு அப்படி ஒரு தவறு நேர்ந்ததில்லை. காரணத்தைப் பிறகு யோசித்துப் பார்த்தேன். அவசரம் மட்டுமல்ல. அந்தக் குழுவின் காகிதத்தால் உலகத்தில் எதுவும் நடக்காது என்று உறுதியாக நம்பியவன் நான். நம்பியவன் சரிபார்க்க மாட்டான். கீழ்த் தாலுகாவிலோ தாசில்தார் மூன்று மாதமாகத் தம் கேள்விக்குப் பதிலை எதிர்பார்த்து உட்கார்ந்திருந்தார். கலெக்டரின் கையெழுத்தோடு காகிதம் வந்ததும், ‘தகவலுக்காக’ என்ற சொல்லை அவர் பார்த்ததாகவே தெரியவில்லை. மறுநாளே வருவாய் ஆய்வாளரை அனுப்பி மனையை அளந்து, பட்டியலில் அவள் பெயரை ஏற்றிவிட்டார். வைக்கோல் போரையும் அகற்றச் சொல்லியிருந்தார்.

துணை கலெக்டர் என்னைப் பார்த்தார். அவருக்குச் சென்னைக்கு மாற்றல் வரவேண்டிய நேரம். “இதைத் திருத்திடலாம்ல?” என்றார்.

திருத்தலாம் என்றேன். எந்தக் காகிதத்தையும் திருத்தலாம், அதற்கு வழிமுறை இருக்கிறது. உறுப்பினர்கள் கையெழுத்திட்ட குறிப்பு தவறு என்றால், தாம் அதைப் படிக்காமல் கையெழுத்திட்டதாக ஒவ்வொருவரும் எழுத்து மூலம் தெரிவிக்க வேண்டும். அந்தக் கடிதங்களை இணைத்துத் திருத்தம் அனுப்ப வேண்டும். இதை நான் இட்டுக்கட்டவில்லை. விதி அப்படித்தான் இருந்தது. சொன்ன அன்று இதில் வேறு அர்த்தம் இருப்பது எனக்கே சற்றுத் தாமதமாகத்தான் உறைத்தது. மிராசுதாருக்கு என்னைவிட முன்பே உறைத்துவிட்டது.

“நான் படிக்காம கையெழுத்துப் போட்டேன்னு நானே எழுதித் தரணுமா?”

“ஆமாங்க. தேதி போட்டு.”

“அந்தக் கடுதாசி ஃபைல்ல இருக்குமா?”

“இருக்குங்க. யாராவது நகல் கேட்டா குடுக்கவும் வேணும்.”

அவர் நாற்காலியில் சாய்ந்துகொண்டார். அப்போது குத்தகை கோர்ட்டில் அவருடைய வழக்கு ஒன்று நடந்துகொண்டிருந்தது. குத்தகைதாரர்கள் பதினோரு பேர் நிலத்தைத் தாங்களே விருப்பப்பட்டு விட்டுக்கொடுத்ததாகக் கையெழுத்தும் ரேகையும் வைத்த காகிதங்களை அவர் தாக்கல் செய்திருந்தார். என்ன எழுதியிருந்தது என்று தெரியாமல் போட்டுவிட்டோம் என்பது அவர்கள் கட்சி. கையெழுத்துப் போட்டவன் படித்துப் புரிந்துகொண்டுதான் போட்டிருப்பான், இல்லையென்று பிறகு சொல்ல முடியாது என்பது இவர் கட்சி. அந்த வாதத்துக்காக மெட்ராஸிலிருந்து வக்கீல் வந்து போய்க்கொண்டிருந்தார்.

மிராசுதார் பிரதியை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு எழுந்தார்.

“படிச்சுட்டுத்தான் போட்டேன்,” என்றார். “அநாதைப் பொண்ணுங்க. பாவம், இருந்துட்டுப் போவட்டும்.”

வாசல் வரை போய்த் திரும்பி, என்னை மட்டும் பார்த்து, “நீங்க நல்லா இருக்கணும்,” என்றார். அதை ஆசீர்வாதமாக எடுத்துக்கொள்ள எனக்குத் தைரியம் வரவில்லை.

அடுத்த மாதம் ஏதோ வேலையாகத் தஞ்சாவூர் வந்தபோது அந்தப் பெண் எங்கள் பிரிவுக்கு வந்தாள். கூட்டத்தன்று அவளும் கையெழுத்துப் போட்டிருந்தாள் என்பது எனக்கு நினைவு வந்தது. குறிப்பைப் படித்தாயா என்று கேட்டேன்.

“படிச்சேன் சார்.”

“கூட்டம் தொடங்கறதுக்கு முன்னாடியே முடிவு எழுதியிருந்துச்சே. ஏன்னு நீ கேக்கலையே?”

“எப்பவும் அப்படித்தானே சார் எழுதியிருக்கும். இந்தத் தடவை நல்லா எழுதியிருந்துச்சு.” சற்று நின்றுவிட்டுச் சொன்னாள். “எங்க அப்பா ரேகை வெச்சவரு. எதெதுல வெச்சாருன்னு கடைசிவரைக்கும் அவருக்கே தெரியாது. நான் படிச்சுட்டுத்தான் சார் போடுவேன்.”

ஆக, அந்தக் கூட்டத்தில் என்ன முடிவு என்று தெரிந்து கையெழுத்திட்டவர் ஒரே ஓர் உறுப்பினர். ஒருமனதான முடிவு என்பது அந்த அளவில் உண்மைதான்.

பட்டா வழங்கும் விழா பள்ளிக்கூட மைதானத்தில் நடந்தது. மேடையில் மிராசுதாரும் இருந்தார். பெண்களும் குடும்பத் தலைவர்களே என்ற புரட்சிகரமான ஆலோசனையைக் குழுவில் முதலில் வலியுறுத்தியவர் அவர்தான் என்று வரவேற்புரையில் சொன்னார்கள். அவர் மறுக்கவில்லை. பந்தலில் கைதட்டினார்கள். அவளும் தட்டினாள். பட்டாவைக் கையில் வாங்கியதும் மேடையிலேயே நின்று முழுவதும் படித்தாள். அடுத்த ஆளைக் கூப்பிட முடியாமல் ஒலிபெருக்கிக்காரர் காத்திருந்தார்.

பிறகு ஒருநாள், பக்கத்து ஊர்ப் பெண்கள் இருவரை அழைத்துக்கொண்டு வந்தாள். அவர்கள் வீட்டிலும் ஆண் இல்லை. கணக்குப்பிள்ளை அங்கேயும் குடும்பம் இல்லை என்றுதான் எழுதியிருந்தார். அடுத்த கூட்டம் எப்போது என்று கேட்டாள். குழுவைக் கலைத்து ஆணை வந்திருப்பதைச் சொன்னேன். குடும்பமும் இளைஞர்களும் போதிய அளவு வலுப்பெற்றுவிட்டதாக அரசு கருதியிருக்க வேண்டும். அவள் முகத்தைப் பார்த்துவிட்டு, அவளுடைய பட்டாவின் நகலை அவர்கள் மனுவோடு இணைத்து, முன்னுதாரணம் என்று குறிப்பிட்டுத் தாசில்தாரிடம் கொடுக்கச் சொன்னேன். மனுவை நானே எழுதிக் கொடுத்தேன். ஆபீஸ் நேரத்தில், ஆபீஸ் காகிதத்தில். அது நடத்தை விதிகளுக்கு விரோதம்.

அதற்கு இரண்டு வாரம் கழித்துச் சென்னையிலிருந்து ஒரு கடிதம் வந்தது. குழுவின் உறுப்பினர் செயலருக்கு முகவரியிட்டிருந்தது. குழு இல்லாமல் போனதைக் கடிதம் எழுதிய பிரிவுக்கு, குழுவைக் கலைத்த பிரிவு சொல்லவில்லை. மணமாகாத மகளைக் குடும்பத் தலைவராகக் கருதலாம் என்ற பரிந்துரை கவனமாக ஆராயப்பட்டது, ஏற்பதற்கில்லை, இதன் பேரில் மனை எதுவும் வழங்கப்பட்டிருந்தால் தாசில்தார் மூலம் மறு ஆய்வு செய்து அறிக்கை அனுப்பவும் என்று எழுதியிருந்தார்கள். ஆலோசனைக்குப் பதில் வராது என்று நான் நம்பியிருந்தேன் அல்லவா. வந்துவிட்டது.

இதன் நகல் ஒன்று கீழ்த் தாலுகாவுக்குப் போனால் என்ன நடக்கும் என்று எனக்குத் தெரியும். அந்தத் தாசில்தார் காகிதத்தை மதிப்பவர். வாசலுக்கு மறுபடி வைக்கோல் போர் வந்துவிடும். கடிதத்தை இரண்டு முறை படித்தேன். கோப்பில் இணைத்து, கீழே குறிப்பெழுதினேன்: ‘குழு கலைக்கப்பட்டுவிட்டபடியால், குழுவின் செயலருக்கு வந்துள்ள இக்கடிதத்தின் பேரில் மேல் நடவடிக்கை எதுவும் தேவைப்படாது. கோப்பை முடிக்கலாம்.’ விதிப்படி பார்த்தால் அதிலும் தவறில்லை என்று வாதாடலாம். வாதாட வேண்டி வந்திருந்தால் என் ஓய்வூதியத்தோடு சேர்த்துத்தான் வாதாடியிருப்பேன்.

துணை கலெக்டருக்கு அன்றுதான் மாற்றல் உத்தரவு வந்திருந்தது. மேசை இழுப்பறையைக் காலி செய்துகொண்டிருந்தார். ஏழெட்டுக் கோப்புகளோடு போய் நின்றேன். அந்தக் கோப்பு மேலிருந்து நான்காவது.

“முக்கியமானது ஏதாவது இருக்கா?” என்று கேட்டார், பேனாவைத் திறந்துகொண்டே.

“இல்லைங்க சார். முடிஞ்சுபோன ஃபைலுங்கதான்.”

ஒவ்வொன்றாகக் கையெழுத்துப் போட்டார். நான்காவதில் பேனா சற்று நின்றது. மை வரவில்லை. உதறிவிட்டுப் போட்டார். நான் கோப்புகளை எடுத்துக்கொண்டு, வழியில் யாரிடமும் கொடுக்காமல், நானே பதிவறைக்கு நடந்தேன்.